முதலில் யார் பதில் எழுதுகிறார்கள்?

2017 அக்டோபர். ஜப்பானில், டோக்கியோவுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் 23 வயதுப் பெண் ஒருத்தியைக் காணவில்லை. போலீஸில் புகார் கொடுத்த அண்ணன் அதோடு நிற்கவில்லை. தங்கையின் ட்விட்டர் கணக்கைத் திறந்து படித்தார். வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவள் அங்கே முன்பின் தெரியாதவர்களிடம் எழுதிவைத்திருந்தாள். வாழப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று துணையும் தேடியிருந்தாள்.

அந்தக் கணக்கிலிருந்தே அண்ணன் எழுதினார்: தங்கையைக் காணவில்லை, யாருக்காவது ஏதாவது தெரியுமா? யாரோ ஒரு பெண் பதில் போட்டாள். உங்கள் தங்கையோடு பேசிக்கொண்டிருந்த ஆளை எனக்குத் தெரியும் என்றாள். அவனைச் சந்திக்க வருவதாகச் சொல்லி, போலீஸுக்கு உதவவும் முன்வந்தாள். வந்தவனைப் பின்தொடர்ந்து போலீஸ் போய்ச் சேர்ந்த இடம், ஜாமா என்ற ஊரில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. அங்கே ஒன்பது பேரின் உடல்கள் கிடைத்தன. எட்டுப் பேர் பெண்கள், ஒருவர் ஆண். வயது 15 முதல் 26 வரை. இரண்டு மாதத்துக்குள் நடந்து முடிந்திருந்தது எல்லாம்.

கொன்றவனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவன் செய்ததையும் விவரிக்கப் போவதில்லை. அவன் ஆள் பிடித்த விதம் மட்டும்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது எழுதினால், உடனே பதில் எழுதுவான். கனிவாக எழுதுவான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்பான். அவ்வளவுதான் அவன் தூண்டில். அந்தப் பிள்ளைகள் எழுதியது பொதுவெளியில்தான். யார் வேண்டுமானாலும் படித்திருக்க முடியும். பலர் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். நின்று பதில் சொன்னவன் அவன்.

வழக்கு நடந்தபோது அவன் வக்கீல்கள் ஒரு வாதம் வைத்தார்கள். இறந்தவர்கள் எல்லாரும் சாக விரும்பியவர்கள்தான். அவர்கள் சம்மதத்தோடுதான் நடந்தது. எனவே தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அந்த வாதத்தைக் குற்றவாளியே மறுத்தான். 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூனில் அவனுக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

தண்டனையைவிட என் மனதில் நின்றது அந்தத் தீர்ப்பின் ஒரு வரிச் செய்திதான். சாகப் போகிறேன் என்று தாங்களே எழுதியவர்கள், அதற்கு ஆள் தேடியவர்கள், அவர்களில் ஒருவர்கூடச் சாகச் சம்மதிக்கவில்லை. அப்படியானால் அவர்கள் தேடியது என்ன?

ஜப்பானியர்கள் இதற்கு ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஷினிதாய். 'சாக விருப்பம்' என்பது நேர்ப்பொருள். நம் ஊரில் யாரும் அப்படி நறுக்கென்று சொல்வதில்லை. "செத்துடலாம்போல இருக்கு" என்கிறோம். அந்தப் 'போல'வைக் கவனியுங்கள். முடிவெடுத்தவர் 'போல' போடமாட்டார். கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு விரல்கடை இடைவெளி விட்டுவைப்பதுபோன்ற சொல் அது. யாராவது தள்ளிப் பார்க்க மாட்டார்களா என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. இப்போது அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வருகிறது. நடுராத்திரி ஒன்றரை மணிக்குக் கறுப்புப் பின்னணியில் "போதும்டா சாமி". அல்லது, "எல்லாரும் நல்லா இருங்க". காலையில் எழுந்து பார்த்தால் அழிக்கப்பட்டிருக்கும். பார்த்தவர்களில் இரண்டு பேர் "என்னாச்சு?" என்று கேட்டிருப்பார்கள். ஒருவர், "சீன் போடுறான்" என்று வேறொரு குழுவில் எழுதியிருப்பார்.

ஏன் வீட்டில் சொல்வதில்லை? பெற்றவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். பதில் அவ்வளவு கடினமில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள். அப்பாவிடம் சொன்னால், "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்பார். கணவனிடம் சொன்னால் மாமியார் வீடு முழுக்கத் தெரியும். சொன்ன மறுநிமிடமே, சொன்னவர் ஒரு பிரச்சினையாகிவிடுகிறார்; அவரைக் கேட்பதற்குப் பதில் எல்லாரும் சேர்ந்து அவரைச் சரிசெய்யத் தொடங்குகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் அந்தத் தொல்லை இல்லை. ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் சொந்த வீட்டுக் கதையை விடிய விடியச் சொல்லிவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் இறங்கிப் போகிறவர்கள்தானே நாம்.

சட்டமும் நெடுங்காலம் வாயைக் கட்டிவைத்திருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறை என்றது. உயிர் பிழைத்தவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் திறந்தால் கேஸ் எழுதப் போலீஸ்காரர் நிற்பார். "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து எத்தனையோ குடும்பங்கள் டாக்டரிடமே உண்மையை மறைத்தன. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவுதான் முதலில் கணக்கை மாற்றியது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. ஏதாவது செய்வதற்கோ செய்யாமல் இருப்பதற்கோ அரசு ஊழியரை வற்புறுத்தும் நோக்கில் முயன்றால் மட்டும் குற்றம் என்று ஒரு பிரிவு மிச்சம் இருக்கிறது. இலங்கை இந்த வேலையை 1998-லேயே செய்துவிட்டது. சட்டம் போய்விட்டது, பயம்தான் இன்னும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

லண்டனிலும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். 1961 வரை அங்கே தற்கொலை முயற்சி குற்றம். அந்தக் காலத்தில்தான் சாட் வாரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார் ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்தார். அவருக்குள் 1935-லிருந்தே ஒரு முள் தைத்திருந்தது. இளம் பாதிரியாராக லிங்கன் நகரில் அவர் நடத்திய முதல் அடக்கம், 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. அவளுக்கு முதல்முறை மாதவிடாய் வந்திருக்கிறது. ஏதோ அசிங்கமான நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். நம் பாட்டிகள் மஞ்சள் நீராட்டு என்று ஊரைக் கூட்டியதைக் கேலி செய்கிறவர்கள், அந்தச் சடங்கில் வேறு என்ன கோளாறு இருந்தாலும், நடந்தது நோயில்லை என்பதையாவது அது பெண்ணுக்குச் சொல்லிவிட்டது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

1953 நவம்பர் 2. லண்டன் வால்புரூக்கில் உள்ள தூய ஸ்டீபன் தேவாலயத்தில் வாராவின் தொலைபேசி முதல்முறை மணியடித்தது. பத்திரிகையில் செய்தி வந்ததும் ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். வாரா ஒரே ஆள். வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொடுக்கவும் பேச்சுத்துணையாக இருக்கவும் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசிமுடித்த பலர், அவரைப் பார்க்காமலேயே தெம்பாகக் கிளம்பிப் போனார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்கு உளவியல் தெரியாது. அறிவுரை சொல்லும் தகுதி தங்களுக்கு இல்லை என்று நினைத்ததால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். வைத்தியம் அந்த மூடிய வாயில்தான் இருந்தது. 1954 பிப்ரவரியில் வாரா பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்த கதை இது. அதே அமைப்பு 1994-லேயே மின்னஞ்சலிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. பதில் எழுதும் தன்னார்வலர் யாராக இருந்தாலும் கையெழுத்து ஒன்றுதான்: 'ஜோ'.

சென்னைக்கு இந்த மரபு 1986-ல் வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அன்றிலிருந்து இயங்குகிறது. அங்கேயும் உட்கார்ந்திருப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் ஜப்பானுக்கு வருவோம். 'உயிரின் தொலைபேசி' என்ற பொருள்படும் பெயரில் அங்கே 1971 முதல் ஓர் உதவி எண் இருக்கிறது. ஆனால் இளையவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. அழைப்பு வந்தாலே பதறுகிற தலைமுறை இது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். எதிரே இருக்கும் அறையிலிருந்து அம்மாவுக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். 2017 செப்டம்பரில் நகானோ மாகாணம் ஒரு சோதனை செய்தது. பள்ளி மாணவர்கள் 'லைன்' செயலியில் தட்டச்சு செய்தே ஆலோசகரோடு பேசலாம் என்று இரண்டே வாரத்துக்கு ஏற்பாடு. அந்த இரண்டு வாரத்தில் நடந்த உரையாடல்கள், அதற்கு முந்தைய ஓராண்டு முழுக்க மாணவர்களிடமிருந்து தொலைபேசியில் வந்தவற்றைத் தாண்டிவிட்டன. பிள்ளைகள் பேச மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. பெரியவர்கள் திறந்துவைத்திருந்த வாசல்தான் அவர்கள் நடக்காத தெருவில் இருந்தது. அடுத்த மாதமே ஜாமா செய்தி வெளிவந்தது. 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் வழியே ஆலோசனை தருவதை ஜப்பான் அரசே கையில் எடுத்தது.

அதற்கும் முன்பே ஒருவர் வேறு வழியில் யோசித்திருந்தார். ஜிரோ இதோ என்ற மனநல சமூகப் பணியாளர். மனிதர்கள் ராத்திரியில் கூகுளிடம் கேட்கிறார்கள். அங்கே சாவதைப் பற்றித் தேடுகிறார்கள். தேடிய சொல்லுக்கேற்ப ஷாம்பு விளம்பரமும் கடன் விளம்பரமும் வரும் அதே இடத்தை இதோ 2013-ல் தானும் வாங்கினார். அந்தச் சொற்களைத் தேடினால், 'என்னிடம் எழுதுங்கள்' என்ற விளம்பரம் மேலே வரும். தட்டினால் மின்னஞ்சலில் ஒரு மனிதர். பாயைச் சுருட்டிக்கொண்டு ராத்திரியில் ஊர்க்காவலுக்குப் போகிறவர் மாதிரி, இணையத்தில் ரோந்து. விளம்பரத் தொழில் கண்டுபிடித்தவற்றில் இதைவிட நல்ல உபயோகம் எதுவும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. ஜாமாக்காரன் செய்ததும் ஒருவகையில் இதுதான் என்பதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. அவனும் அதே இருட்டில், அதே சொற்களைத் தேடிக்கொண்டு, முதல் ஆளாகப் போய் நின்றான்.

ஜப்பானில் தற்கொலைகளின் மொத்த எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்திருக்கிறது. 2003-ல் ஒரே ஆண்டில் 34,427 பேர், 2019-ல் 20,169. ஆனால் பள்ளி மாணவர்கள் கணக்கு மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது. 2022-ல் அது முதல்முறையாக 500-ஐத் தாண்டி 514 ஆனது. வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி. பள்ளிக்கூடமும் வீடும் அப்படியே இருக்க, உள்ளங்கைத் திரை ஒன்றே எல்லாவற்றையும் சுமக்க முடியாது.

நம் கணக்கு என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 பதிவின்படி இந்தியாவில் 1,70,924 பேர் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு நாளைக்கு 54 பேர். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் மட்டும் இதைப் பற்றிப் பேசுகிற நமக்கு, அந்தக் கூலிக்காரர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்கள் ஸ்டேட்டஸ் போடுவதும் குறைவு.

எல்லாம் நாமும் செய்கிறோம், ஒரு மாதிரி. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு பெட்டி: தற்கொலை எதற்கும் தீர்வல்ல, இந்த எண்ணை அழையுங்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு மேலே என்ன அச்சாகியிருக்கிறது? எப்படி, எங்கே, எதனால் என்று முழு விவரம், வீட்டு வாசல் புகைப்படம், கடைசிக் கடிதத்தின் வரிகள். இப்படி எழுதினால் அதைப் பார்த்து மற்றவர்களும் அதே வழியில் போகிறார்கள் என்பது 1974-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. கெட்ட வழி மட்டும்தான் தொற்றும் என்றில்லை. வியன்னா ஆய்வாளர்கள் 2010-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். அந்த எண்ணம் வந்தும் எப்படியோ தாண்டி வந்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளுக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தது. மோட்சார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் கடைசி நேரத்தில் மூன்று சிறுவர்களால் தடுக்கப்படுவான். அவன் பெயரையே அந்த விளைவுக்கு வைத்துவிட்டார்கள். தாண்டி வந்தவர்கள் நம் ஊரிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் செய்தி ஆவதில்லை. உயிரோடு இருப்பது செய்தியில்லை.

தாண்டி வந்துவிட முடியும் என்பது ஆறுதல் பேச்சு இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். 1978-ல் முடிவு வெளியானது. சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குப் போய்ச் செய்வார்கள் என்ற பேச்சு பொய். அந்த அலை வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஆஸ்திரியாவில் பிழைத்தவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், அந்த எண்ணம் வந்ததற்கும் முயற்சிக்கும் நடுவே பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் இருந்தது என்று ஏறத்தாழப் பாதிப்பேர் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம். இலங்கை மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபோது அங்கே இறப்பு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்ததற்கும் இதுவே விளக்கம்.

நேராகக் கேட்டுவிடலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ? பெற்றோர், ஆசிரியர், நண்பர் எல்லாருக்கும் இருக்கும் பயம் இது. 2005-ல் அமெரிக்காவில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப்பேரிடம் நேரடியாகக் கேட்டார்கள்; மீதிப்பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. ஏற்கெனவே மனம் நொந்திருந்தவர்களுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆகவே கேட்கலாம். சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்றே கேட்கலாம். "அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலையே?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அந்தப் பதிலைக் கேட்கிறவரே கையில் கொடுத்துவிடுகிறார். ஆமாம் என்று பதில் வந்தால் அதற்குப் பிறகு அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். கூடவே டாக்டரிடம் போக வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி இருந்தால், இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்பது 'டெலி மானஸ்'. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926. ஒரு எண் கிடைக்காவிட்டால் அடுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108, இலங்கையில் 1990. அல்லது பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

இனி, எனக்கு மிகப் பிடித்த இரண்டு ஆய்வுகள். முதலாவது நம்முடையது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் நடத்தியது. அதில் சென்னையும் கொழும்பும் உண்டு. முயன்று பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. 18 மாத முடிவில் முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேர். புது மருந்தில்லை, கருவியில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாம் நாள்தோறும் செலவழிக்கிற அதே இரண்டு சொல்தான்.

இரண்டாவது இன்னும் பழையது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டார். அவர்களில் பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுகள் கடிதம் போனது. இரண்டு மூன்று வரி. நீங்கள் இங்கே வந்து போய்க் கொஞ்ச நாளாகிறது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்கிற அளவில்தான். மருந்து சாப்பிடுகிறீர்களா, எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியே இருக்காது. கடிதம் போனவர்களிடையே, முதல் இரண்டு ஆண்டுகளில் குறிப்பாக, இறப்பு குறைவாக இருந்தது. உள்ளே, ஆஸ்பத்திரி முகவரி எழுதிய ஒரு உறையும் வைத்து அனுப்புவார்கள். அதில் தபால்தலை ஒட்டியிருக்காது. ஒட்டினால் பதில் போட்டே ஆகவேண்டும் என்று ஆகிவிடுமல்லவா. சிலர் சொந்தக் காசில் தபால்தலை வாங்கி ஒட்டிப் பதில் போட்டார்கள்.